ஏரியலுக்குக் கீழே கல்யாண நோட்டீஸ்

எங்க பிக்கப் வண்டியை வழியில பார்க்கிறவங்க கேக்கிற முதல் கேள்வி, "பின்னாடி பெட்டி இருக்கே, ஐஸ்கிரீம் வண்டியா?" ரெண்டாவது கேள்வி, "மேல என்னங்க, தூண்டில் மாதிரி?" முதல் கேள்விக்கு ஒரே வரியில பதில் சொல்லிடலாம். முந்திரி சீசன்ல தோப்புல ராத்திரிக் காவலுக்குப் படுக்கிறதுக்கும், பலாப்பழம் ஏத்திக்கிட்டு வெளியூர் போனா ரூம் வாடகை மிச்சம் பண்றதுக்கும் நானே அடிச்ச மரப்பெட்டி. மேல ஃபைபர் கூரை. உள்ள ஒரு படுக்கை, ஒரு அடுப்பு, ஒரு ஃபேன். வெளிநாட்டுல இதுக்கு டிரக் கேம்பர்னு பேரு. நம்ம ஊர்ல கேம்பர்னா ரெண்டு வரிசை சீட்டு வச்ச பொலேரோதான். அதனால நான் யார்கிட்டயும் அந்தப் பேரைச் சொல்றதில்லை. வீட்டுல இதுக்குப் பேரு "கூண்டு".

ரெண்டாவது கேள்விக்கு ஒரு வரி பத்தாது. அந்தக் கம்பி நிக்கிறதுக்கு எனக்கு நாலு தடவை தோல்வி, ரெண்டு வருஷம், ஒரு நனைஞ்ச மெத்தை செலவாச்சு. அதுக்கும் முன்னாடி ஒரு புயல்.

2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலையில தானே புயல் கடலூருக்கும் பாண்டிச்சேரிக்கும் நடுவுல கரையேறுச்சு. அக்கா வாக்கப்பட்டது பண்ருட்டிக்கு வடக்கே, தென்பெண்ணைக் கரைக்குக் கிட்ட. எங்க ஊரு விருத்தாசலத்துக்குக் கிழக்கே, மந்தாரக்குப்பம் போற ரோட்டுல. ரெண்டுக்கும் அம்பது கிலோமீட்டர்கூட இருக்காது. அந்த அம்பது கிலோமீட்டருக்கு நடுவுல எத்தனை முந்திரி, எத்தனை பலா, எத்தனை கரண்டு கம்பம் விழுந்துச்சுன்னு அப்போ டி.வி.யில பார்த்திருப்பீங்க. போன் டவருக்கு கரண்டு இல்லை. பேட்டரி தீர்ந்ததும் டவர் எல்லாம் ஊமை. அம்மா மூணு நாள் திண்ணையில உக்கார்ந்து, ரோட்டுல வர்ற ஒவ்வொரு ஆளையும் "பண்ருட்டிப் பக்கமா வர்றீங்களா?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

நாலாம் நாள் நான் டி.வி.எஸ். அம்பதை எடுத்துக்கிட்டு, விழுந்த மரத்துக்கு அடியில எல்லாம் வண்டியைப் படுக்கப்போட்டு இழுத்துக்கிட்டு, போய்ச் சேர்ந்தேன். அக்காவும் பிள்ளைங்களும் நல்லா இருந்தாங்க. அக்காவோட மாமனார் இல்லை. புயல் அடிச்ச மறுநாள் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போக ரோடு இல்லை. எங்களுக்குச் சொல்லி அனுப்ப வழி இல்லை. காரியம் முடிஞ்சு போயிருந்துச்சு.

அக்கா அழல. "பொறந்த வீட்டுலேர்ந்து ஒரு மாலை விழலடா"ன்னு மட்டும் சொன்னா. அவ என்னைக் குத்தம் சொல்லல. ஆனா அதுக்கப்புறம் மாமா வீட்டு விசேஷம் எதுலயும் அந்தப் பேச்சு ஒருதடவை வந்துட்டுத்தான் போகும். சம்பந்தி வீடுன்னா அப்படித்தான், உங்களுக்குத் தெரியாததா.

இந்த ஆற்றாமையிலதான் ஹாம் ரேடியோ பக்கம் போனேன். நெய்வேலி டவுன்ஷிப்ல எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர், அனல்மின் நிலையத்துல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மொட்டை மாடியில ஏரியல் வச்சிருந்தார். 2004 சுனாமி சமயத்துல பாரதி பிரசாத்னு ஒரு அம்மா போர்ட் பிளேர்லேர்ந்து பேசினதை அவர்தான் சொன்னார். அந்தமானுக்கு அவங்க போனது ஹாம் ரேடியோ இயக்கிப் பார்க்கத்தான். அலை வந்து எல்லாத் தொடர்பும் அத்துப்போனப்போ, தீவுல யார் உயிரோட இருக்காங்கன்னு அவங்க குழுவோட ரேடியோ வழியாத்தான் நிறைய குடும்பங்களுக்குச் சேதி போச்சு. எனக்கு அது போதுமா இருந்துச்சு. படிச்சேன், பரீட்சை எழுதினேன். மத்திய அரசோட தொலைத்தொடர்புத் துறை குடுக்கிற லைசன்ஸ் இது. பன்னெண்டு வயசு ஆன யாரும் எழுதலாம். கீழ்நிலை லைசன்ஸுக்கு மோர்ஸ் தந்தி அடிக்கத் தெரிய வேண்டியதில்லை. எனக்கு வி.யு.3 வகை அழைப்புக்குறி கிடைச்சுது.

இங்க ஒண்ணு சொல்லிடறேன். ஆன்லைன்ல வாக்கி-டாக்கி வாங்கி வண்டியில வச்சுக்கலாம்னு நினைக்கிறவங்க கவனிங்க. 446 மெகாஹெர்ட்ஸ்ல சின்ன சக்தியில பேசுற கைச்செட்டுக்கு லைசன்ஸ் வேண்டாம். மத்த பெரும்பாலான அலைவரிசையில லைசன்ஸ் இல்லாம பேசுறது குத்தம். லைசன்ஸ் இருந்தாலும் ஹாம் ரேடியோவுல வியாபாரம் பேசக்கூடாது. "பலா கிலோ என்ன விலைக்குப் போவுது"ன்னு நான் அதுல கேட்க முடியாது. அதுக்கு போன் இருக்கு.

சரி, ஏரியலுக்கு வர்றேன்.

நாங்க உள்ளூருக்குள்ள பேசுறது ரெண்டு மீட்டர் அலைவரிசையில. 144லேர்ந்து 146 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். அலையோட நீளம் ஏறத்தாழ ரெண்டு மீட்டர், அதான் அந்தப் பேரு. வண்டி மேல வைக்கிற சாதாரண ஏரியல் அதுல கால்வாசி. அதாவது அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நம்ம கணக்குல ஒரு முழத்துக்குச் சித்தே மேல. இவ்வளவு சின்னக் கம்பியை வைக்கிறதுக்கா ரெண்டு வருஷம்னு நீங்க கேக்கலாம். என் வீட்டுக்காரியும் அதையேதான் கேட்டா.

பெட்டி அடிக்கிறதுக்கு முன்னாடி பிக்கப் கேபின் கூரை மேல காந்த அடி வச்ச ஏரியலை ஒட்டி வச்சிருந்தேன். பிரமாதமா வேலை செஞ்சுது. விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நின்னுக்கிட்டு நெய்வேலி நண்பரோட தெளிவா பேசியிருக்கேன். அப்புறம் பெட்டி வந்துச்சு. படுக்கை நீளம் வேணும்னு பெட்டியோட மேல் பாதியை கேபின் தலைக்கு மேல நீட்டி விட்டிருந்தேன். அதனால கேபின் கூரை பெட்டிக்கு அடியில மறைஞ்சுபோச்சு. ஏரியலை எடுத்துப் பெட்டி மேல வச்சேன். காந்தம் ஃபைபர்ல ஒட்டுமா? வழுக்கிக் கீழ விழுந்துச்சு. என் பையன் கைதட்டிச் சிரிச்சான்.

அடுத்து, பானெட் ஓரத்துல ஒரு கிளாம்பு போட்டு நிக்க வச்சேன். பேச்சு போச்சு, ஆனா ஒரு பக்கமாத்தான் போச்சு. பின்னாடி பெட்டிக்குள்ள அடுப்பு, இரும்பு பிரேமு, தண்ணி கேன் எல்லாம் இருக்குதே, அது மறைக்குது. வண்டி நெய்வேலியைப் பார்த்து நின்னா நண்பர் பேசுவார். வீட்டுக்குத் திரும்பி வண்டி விருத்தாசலத்தைப் பார்த்தா அவர் காணாமப் போயிடுவார். "நீ ஊருக்குப் போறப்போ ரிவர்ஸ்லயே போ"ன்னு அவர் கிண்டல் பண்ணார். ஆஸ்திரேலியாவுல விவசாயிங்க வண்டிக்கு முன்னாடி இருக்கிற பெரிய இரும்பு பம்பர்ல ஏரியல் வச்சுக்குவாங்க. அங்க பண்ணைக்குப் பண்ணை 477 மெகாஹெர்ட்ஸ்ல ரேடியோ பேச்சு சாதாரணம். நம்ம நாட்டுல அந்த மாதிரி பம்பருக்கு 2017லேயே தடை போட்டாச்சு. விபத்துல ஆளுங்களுக்கு ஆபத்துன்னு. சரிதான், அந்த வழியும் இல்லை.

மூணாவது தடவை துணிஞ்சு ஃபைபர் கூரையில ஓட்டை போட்டு ஏரியலை நிமிர்த்தி நிக்க வச்சேன். உயரம் கிடைச்சுது, நாலா பக்கமும் மறைப்பு இல்லை. பார்க்கவும் லட்சணமா இருந்துச்சு. மைக்கை அழுத்திப் பேசினேன். நெய்வேலியில ஒண்ணும் கேக்கல. அதோட ஒரு வேடிக்கை, நான் மைக்கை அழுத்தும்போதெல்லாம் பெட்டிக்குள்ள இருந்த எல்.இ.டி. விளக்கு மினுக் மினுக்னு எரிஞ்சுது. சுவிட்சு போடாமலேயே. வீட்டுக்காரி பயந்துபோய் வெளியே இறங்கிட்டா.

நண்பர் தன்னோட எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரை எடுத்துக்கிட்டு நேரா எங்க ஊருக்கே வந்தார். அதை எப்படிச் சொல்றது... வாய்க்கால்ல தண்ணி விடறீங்க. கடைசி மடை திறந்திருந்தா தண்ணி வயலுக்குப் போகும். மடை பாதி அடைச்சிருந்தா தண்ணி முட்டித் திரும்பி வரும், கரையை உடைக்கும். ரேடியோவிலேர்ந்து கேபிள் வழியாப் போற சக்தியில எவ்வளவு ஏரியல்ல ஏறுது, எவ்வளவு முட்டித் திரும்புதுன்னு அந்த மீட்டர் காட்டும். ஒண்ணரைக்குள்ள இருந்தா நல்லது. மூணுன்னா கால்வாசி சக்தி திரும்பி வருதுன்னு அர்த்தம். எனக்கு முள் மூணைத் தாண்டி நின்னுச்சு.

"ஏரியல்ல கோளாறு இல்லப்பா"ன்னார். "நீ ஒத்தை மாட்டை வச்சு ஏர் பூட்டியிருக்க."

அவர் சொன்னது இதுதான். அந்த முழக் கம்பி பாதி ஏரியல்தான். மீதிப் பாதி, அது எது மேல நிக்குதோ அந்த இரும்புத் தகடு. கம்பியில மின்சாரம் மேல ஏறி இறங்கும்போது, தகட்டுல அதுக்கு எதிரா ஓடணும். கண்ணாடி முன்னாடி பாதி முகத்தை வச்சா முழு முகம் தெரியுமே, அது மாதிரி. கேபின் கூரை இரும்பு, அதனால அங்க இருந்தவரைக்கும் நான் இதைப் பத்தி யோசிக்கவே தேவையில்லாம இருந்துச்சு. ஃபைபருக்கு மின்சாரம் தெரியாது. கம்பி, தன்னோட மறுபாதியைத் தேடி, கேபிளோட மேல் உறையையே பிடிச்சுக்கிச்சு. அந்தக் கேபிள் விளக்கு வயரோட ஒட்டிக்கிட்டே வந்ததால விளக்கு எரிஞ்சிருக்கு.

அப்போ தகடு வேணும். ஓட்டையைச் சுத்தி எல்லாப் பக்கமும் அரை மீட்டராவது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். புதுத் தகரம் வாங்கினா கனம், பெட்டியை ஏத்தி இறக்கறதே மூணு ஆள் வேலை. (பெட்டியை நான் போல்ட் போட்டு முடுக்கல. நிரந்தரமா வண்டி உருவத்தை மாத்தினா ஆர்.டி.ஓ. அனுமதி வேணும். கொக்கியும் பெல்ட்டும் போட்டு, சரக்கு மாதிரிதான் போகுது. ஓடும்போது உள்ள யாரும் உக்காருறதில்லை.) அப்போதான் விருத்தாசலம் ஆஃப்செட் பிரஸ்ஸுல தேய்ஞ்சுபோன அலுமினியப் பிளேட்டு ஞாபகம் வந்துச்சு. கோழிக்கூண்டு கூரை, பெட்டிக்கடை தடுப்பு, எல்லாத்துக்கும் எங்க ஊர்ப்பக்கம் அதுதான். காகிதம் மாதிரி லேசு. எடைக்குப் போட்டு நாலு வாங்கி, ஃபைபர் கூரைக்கு உள்பக்கம் ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தி ரிவெட் அடிச்சேன்.

மீட்டரை மாட்டினா முள் அசையவே இல்லை. அதே மூணு.

அன்னைக்கு ராத்திரி நிஜமாவே எல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சிருப்பேன். காரணத்தைக் கண்டுபிடிச்சது நண்பர் இல்லை, செராமிக் எஸ்டேட்டுல சின்ன யூனிட் வச்சிருக்கிற ஒருத்தர். விருத்தாசலம்னா வெளியூர்க்காரங்களுக்குப் பழமலைநாதர் கோயில் தெரியும், ரயில் ஜங்ஷன் தெரியும். எங்களுக்கு இன்னொரு அடையாளம் பீங்கான். அதுக்குன்னே தொழிற்பேட்டை, அதுக்குன்னே ஒரு காலேஜ். கார்த்திகைக்கு அகல் விளக்கு, கொலுவுக்குப் பொம்மை, வீட்டு மெயின் போர்டுக்கு ஃபியூஸ் கட்டை, எல்லாம் இங்க சூளையில வேகும். அவர்கிட்ட வேற ஒரு வேலையாப் போயிருந்தேன், அதைக் கீழே சொல்றேன். பேச்சுவாக்குல பிளேட்டு கதையைச் சொன்னதும் அவர் சிரிச்சார்.

"தம்பி, அந்தப் பிளேட்டு மேல இருக்கிறது வெறும் அலுமினியம் இல்ல. தண்ணி புடிக்கிறதுக்காக மேல அலுமினிய ஆக்சைடு ஏத்தியிருப்பான். அலுமினாதான் அது, நாங்க சூளையில வேகவைக்கிற சாமானுக்குச் சொந்தக்காரன். அதுல கரண்டு எப்படிப் பாயும்? சுரண்டுங்க."

அதாவது நாலு தகடும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சே தவிர ஒண்ணோட ஒண்ணு தொடவே இல்லை. ஏரியல் அடியும் தகட்டைத் தொடல. உப்புத்தாள் எடுத்து, தகடு ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற ஓரத்தையும் ஓட்டையைச் சுத்தியும் பளபளன்னு வர்ற வரைக்கும் தேய்ச்சேன். திரும்ப ரிவெட் அடிச்சேன். ஏரியல் அடியை முடுக்கினேன். மைக்கை அழுத்தினேன். முள் ஒண்ணேகாலுக்குக் கொஞ்சம் மேல வந்து நின்னுச்சு. "இப்போ மாடு ரெண்டும் இழுக்குது"ன்னு நெய்வேலியிலேர்ந்து குரல் வந்துச்சு, பக்கத்துல நின்னு பேசுற மாதிரி.

பிளேட்டு இப்பவும் அப்படியேதான் இருக்கு. ஆஃப்செட் பிளேட்டுல எழுத்து நேராவே இருக்கும், கண்ணாடி எழுத்து மாதிரி திரும்பி இருக்காது. அதனால தோப்புல மல்லாக்கப் படுத்தா, தலைக்கு மேல யாரோ ஒரு ஜோடியோட கல்யாண நோட்டீஸ். முகூர்த்த நேரம், மண்டபம், மாமன் சித்தப்பன் பேரெல்லாம் வரிசையா. அவங்களை எனக்கு யாருன்னே தெரியாது. ஆனா அவங்க மேலதான் என் ஏரியல் நிக்குது.

தோல்வி நாலுன்னு கணக்குச் சொன்னேன் இல்லையா, பிளேட்டோட மூணு வகையும் சேர்த்து நாலும் ஆச்சு. நனைஞ்ச மெத்தை அதுக்கப்புறம் வந்த முதல் மழையில. கூரை ஓட்டைக்கு வெறும் எம்சீல் அடைச்சிருந்தேன். வெயில்ல ஃபைபர் விரியுது, சுருங்குது. எம்சீலுக்கு அந்தப் பழக்கம் இல்லை, விரிசல் விட்டுடுச்சு. இப்போ ஏரியல் அடிக்குக் கீழ பழைய சைக்கிள் டியூப்ல வெட்டின வாஷர், அது மேல சிலிகான். கேபிள் மூட்டுலயும் தண்ணி இறங்கக்கூடாது. இறங்கினா உள்ள இருக்கிற செம்புப் பின்னல் வழியா ஊறி மீட்டர்கணக்கில கேபிளையே கெடுத்துடும். கேபிள் பெட்டிக்குள்ள நுழையுற இடத்துல கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டா, மழைத்தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும். கம்பி அடியில ஸ்பிரிங் இருக்கிறதைப் போட்டுக்கோங்க. எங்க ரோட்டுப் புளியமரக் கிளைங்க எந்த ஏரியலுக்கும் வழி விடறதில்லை. ரேடியோவுக்குக் கரண்டு நேரா பேட்டரியிலேர்ந்து, ரெண்டு வயர்லயும் ஃபியூஸ் போட்டு எடுக்கணும். சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகினா இன்ஜின் சத்தம் பேச்சுல கலந்து வரும்.

பெரிய வேனை வீடு மாதிரி மாத்திச் சுத்துற நகரத்து நண்பர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. உங்க கூரையே இரும்பு. ஃபைபர் கூரைதான், தகடும் போட மாட்டேன்னா ஜே-போல்னு ஒண்ணு இருக்கு, அடித்தகடு கேக்காது. ஏ.சி. மெக்கானிக்கிட்ட செம்புக் குழாய் வாங்கி நாமளே செஞ்சுக்கலாம். ஆனா ஒண்ணரை மீட்டர் உயரம். நின்ன இடத்துல பேச நல்லது, ஓட்டிக்கிட்டுப் போக ஆவாது.

இப்போ செராமிக் எஸ்டேட்டுக்கு நான் போன விஷயம். தோப்புல ராத்திரி நிக்கும்போது தூரப் பேச்சுக்கு 7 மெகாஹெர்ட்ஸ்ல இருபது மீட்டர் கம்பியைப் பனைக்கும் பலாவுக்கும் நடுவுல இழுத்துக் கட்டுவேன். கம்பியோட ரெண்டு முனையிலயும்தான் மின்னழுத்தம் அதிகம். கயிறு பனியில நனைஞ்சா கசியும். நடுவுல பீங்கான் வேணும். கரண்டு கம்பத்தை இழுத்துப்பிடிக்கிற ஸ்டே கம்பியில கோழி முட்டை மாதிரி பழுப்பா ஒண்ணு தொங்குமே, பார்த்திருக்கீங்களா? அதுக்கு முட்டை இன்சுலேட்டர்னே பேரு. தானே புயலப்போ நான் டி.வி.எஸ். அம்பதை இழுத்துக்கிட்டுப் போன வழியெல்லாம் விழுந்த கம்பத்தோட அது உருண்டு கிடந்துச்சு. அன்னைக்கு அது என்னன்னு எனக்குத் தெரியாது.

அதுல ரெண்டு துளை, குறுக்கும் நெடுக்குமா. ரெண்டு பக்கத்துக் கம்பியும் ஒண்ணை ஒண்ணு வளைச்சுக்கிட்டுப் போகும், நடுவுல பீங்கான் மட்டும் பிரிச்சு வைக்கும். "பீங்கானை இழுத்தா பொட்டுனு போயிடும், அழுத்தினா மலை மாதிரி நிக்கும். அதான் கம்பி அதை இழுக்காம அழுத்துற மாதிரி துளை"ன்னு அந்த யூனிட்காரர் காட்டினார். பீங்கானே உடைஞ்சாலும் கம்பி ரெண்டும் கோத்துக்கிட்டுத் தொங்கும், ஆள் மேல விழாது. அஞ்சு குடுத்தார். காசு வாங்கல. பதிலுக்கு சீசன்ல ஒரு பலாப்பழம் கொண்டுபோய்ப் போட்டேன்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் அன்னைக்கு ராத்திரி பாண்டிச்சேரிக்குக் கிட்ட கரையேறப் போகுதுன்னு சொன்னாங்க. நான் மத்தியானமே கூண்டை ஏத்திக்கிட்டு அக்கா ஊருக்குப் போயிட்டேன். அம்மா தடுக்கல. "போய் அவகூட இரு"ன்னு மட்டும் சொன்னாங்க.

காத்து இந்த முறை பெரிசா ஒண்ணும் பண்ணல. மழைதான். ஞாயித்துக்கிழமை முழுக்கக் கொட்டிச்சு. சாத்தனூர் அணையிலேர்ந்து ராத்திரியோட ராத்திரியா திறந்துவிட்ட தண்ணி தென்பெண்ணையில இறங்கிச்சு. திங்கக்கிழமை விடியும்போது ஆத்துத் தண்ணி அக்கா வீட்டுத் தெரு முனைக்கு வந்துடுச்சு. மாமா மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டினார். நான் வண்டியைப் பள்ளிக்கூடத்து மேட்டுல நிறுத்தி, அக்காவையும் பிள்ளைங்களையும் பக்கத்து வீட்டுப் பாட்டியையும் கூண்டுக்குள்ள ஏத்தினேன். கரண்டு ஞாயித்துக்கிழமையே போயாச்சு. போன்ல ஒரு கோடு வரும், போகும், அப்புறம் அதுவும் போச்சு.

ரேடியோவைப் போட்டேன். நெய்வேலி அங்கேர்ந்து முப்பது கிலோமீட்டருக்குள்ளதான். பத்து வாட்டுல கூப்பிட்டேன். முதல் தடவை பதில் இல்லை. ரெண்டாவது தடவை இல்லை. அக்கா ஒண்ணும் பேசாம என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தா. ஓட்டை வழியா தண்ணி இறங்கியிருக்குமோ, தகடு விட்டுப்போச்சோன்னு மேல பார்த்தேன். கல்யாண நோட்டீஸ் காய்ஞ்சுதான் இருந்துச்சு. வண்டியைக் கொஞ்சம் முன்னாடி எடுத்து, பள்ளிக்கூடத்துக் கட்டடம் மறைக்காத இடமா நிறுத்தினேன். மூணாவது தடவை இரைச்சலுக்கு நடுவுல அவர் குரல் வந்துச்சு. அப்புறம் தெளிஞ்சுது.

சொல்ல வேண்டியதை ரெண்டே வரியில சொன்னேன். எல்லாரும் இருக்காங்க, மேட்டுல இருக்கோம், மாடும் தப்பிச்சுது. பாட்டிக்கு சர்க்கரை மாத்திரை நாளைக்குத் தீர்ந்துடும். நெய்வேலியில போன் வேலை செஞ்சுது. அவர் அங்கேர்ந்து எங்க வீட்டுக்குப் போட்டார், மாத்திரை விஷயத்தைச் சொல்ல வேண்டிய இடத்துக்கும் சொன்னார். பத்து நிமிஷம் கழிச்சுத் திரும்பக் கூப்பிட்டார்.

"உங்க அம்மாகிட்டச் சொல்லிட்டேன். அவங்க ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. பொண்ணு சாப்ட்டாளாம்?"

ஸ்பீக்கர்ல எல்லாருக்கும் கேட்டுச்சு. மைக்குல லைசன்ஸ் உள்ளவன்தான் பேசணும், அதனால நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவ முந்தானையால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, "இன்னும் இல்லன்னு சொல்லுடா, இப்போதான் அடுப்பு பத்த வைக்கப் போறேன்னு சொல்லு"ன்னா. அப்படியே சொன்னேன். கூண்டு அடுப்புல அன்னைக்கு உப்புமா கிண்டினா. பாட்டி மேல பார்த்து, "இது யாரு வூட்டுக் கல்யாணம்?"னு கேட்டுச்சு.

செவ்வாய்க்கிழமை தண்ணி வடிய ஆரம்பிச்சுது. மாத்திரை திங்கக்கிழமை சாயங்காலமே டிராக்டர்ல வந்துடுச்சு. அது ரேடியோவால வந்துச்சா, எப்படியும் வந்திருக்குமான்னு என்னால சொல்ல முடியாது.

போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு வந்தா, கூண்டுக்குள்ள எட்டிப் பார்த்தா. முட்டை இன்சுலேட்டர் பையை எடுத்து உருட்டிக்கிட்டே, "இது கரண்டைத் தடுக்குமாடா?"ன்னா. தடுக்கும்னேன். "அப்ப எனக்கு ரெண்டு குடு. துணி காயப்போடற கொடி கம்பிக்கொடி. மழையில அதைத் தொடவே பயமா இருக்கு." நைலான் கயிறு கட்டிக்கோக்கான்னேன். "அது வெயில்ல இத்துப் போவுது. நீ இதைக் குடு."

குடுத்தேன். பையில இப்போ மூணுதான் இருக்கு. ஒண்ணுல விரிசல். பலா சீசன் வரட்டும், எஸ்டேட்டுக்கு ஒரு நடை போகணும்.